கோட்டுக்காரரின் மூன்று முகங்கள்

எங்கள் வீட்டில் எதையும் மேலிருந்துதான் எடுக்க வேண்டும். மடித்து அடுக்கிய துணியாக இருந்தாலும் சரி, வரட்டியாக இருந்தாலும் சரி, நடுவில் கைவிட்டு உருவினால் அப்பாவுக்கு ஆகாது. "நடுவுல கை வெச்சா லோடு சாஞ்சிரும்" என்பார். சேலத்திலிருந்து பம்பாய் லைனில் லாரி ஓட்டியவர் அவர். லாரியில் கடைசியாக ஏற்றியது முதலில் இறங்கும். வீட்டிலும் அதே சட்டம். நான் அவசரக்காரி. எனக்கு வேண்டிய பாவாடை எப்போதும் அடியில்தான் கிடக்கும். அதை எடுப்பதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும், கோபத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிடும்.

நாமகிரிப்பேட்டைக்கு வெளியே, மஞ்சள் காட்டை ஒட்டி ரோட்டைப் பார்த்த ஓட்டு வீடு எங்களுடையது. அம்மா, நான், என் தங்கை. அப்பா மாதத்தில் பாதி நாள் இருக்க மாட்டார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கோலத்தில் வருவார். ஒரு நடைக்குத் தாடி, ஒரு நடைக்கு மொட்டை, ஒரு நடைக்கு முகமெல்லாம் செம்மண். தங்கை கைக்குழந்தையாக இருந்தபோது ஒவ்வொரு தடவையும் அவரைப் பார்த்து அழுவாளாம். பிறகு பழகிவிட்டாள். லாரிச் சத்தம் கேட்டால் முதலில் ஓடுகிறவள் அவள்தான். அவரும் அவளை மட்டும்தான் தூக்குவார். எனக்கு வயசாகிவிட்டதாம், பன்னிரண்டு.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம், அப்பா பம்பாயிலிருந்து ஒரு பழைய பேப்பர் கட்டைக் கொண்டுவந்து இறக்கினார். சீமைக்குக் குடிபோன ஏதோ ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்து எடைக்குப் போட்டது. லண்டனில் அச்சாகி வாராவாரம் கப்பலில் வந்த படக்கதைப் பத்திரிகை. சணல் கயிற்றால் கட்டியிருந்தது, நிமிர்த்தி வைத்தால் தங்கையின் முழங்கால் வரைக்கும் வந்தது. "பொம்மை பாத்துக்கங்க சாமி. ஆனா மேல இருந்துதான் எடுக்கோணும். பாத்ததைக் கவுத்து வெச்சரோணும்" என்றார். நான் உதட்டைப் பிதுக்கினேன். அவர் கண்டுகொள்ளவில்லை.

அந்தப் பத்திரிகையில் பந்து விளையாட்டு, சண்டை, குதிரை என்று என்னென்னவோ இருந்தன. எங்களுக்கு நடுப்பக்கம் போதும். அதில் ஒரு துப்பறிவாளர் இருந்தார். கணுக்கால் வரைக்கும் தொங்கும் கோட்டு, தோளில் பல்லியைப் போல ஒட்டிக்கொண்ட ஒரு சின்ன விளக்கு. அவர் இருந்த ஊர் இனிமேல்தான் வரப்போகிற ஊர். அங்கே வானத்துக்கே கண்ணாடி மூடி போட்டிருந்தார்கள். வண்டிகள் சக்கரம் இல்லாமல் தரைக்கு ஒரு சாண் மேலே போகும். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "டயரே இல்லாம ஓட்டறான் பாரு, பஞ்சர் தொல்லையே இல்லை" என்று பெருமூச்சு விட்டார். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷில் ஆடும் மாடும்தான் தெரியும். அதனால் நானே கதை சொன்னேன், தங்கை அப்படியே நம்பினாள். அவருக்குக் கோட்டுக்காரர் என்று நாங்களே பேர் வைத்தோம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேப்ப மரத்தடியில் குப்புறப் படுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஒரு புத்தகம். பக்கத்துக் களத்தில் மஞ்சள் வேகிற வாசனை வரும். எதிரே போதமலை நீலமாக நிற்கும், வெயிலில் அதன் ஓரம் நெளியும். கண்ணாடி வானத்து ஊர் அந்த மலைக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று நான் ஒருநாள் சொல்லிவைத்தேன். சொன்ன பிறகு எனக்கே அது நிஜமாகிவிட்டது. சாயங்காலம் மலைமேல் மேகம் மின்னினால் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். கோட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம்.

அவர் துப்பறிகிற விதம் விசித்திரமானது. முதல் வாரமே திருடனைப் பிடித்துவிடுவார். அடுத்த வாரம் திருடன் கையை விட்டு ஓடுவான். அதற்கடுத்த வாரம் இவர் அவனைத் தேடுவார். கடைசியில்தான் எது திருடு போனது என்றே தெரியும். அந்த வாரம் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள், நகை பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். "திருடனப் புடிச்சுட்டு அப்புறம் திருட்டத் தேடறாரு, கெட்டிக்காரருதான்" என்றாள் அம்மா, சோளம் புடைத்துக்கொண்டே. எங்களுக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. இனிமேல் வரப்போகிற ஊரில் அப்படித்தான் போல என்று இருந்துவிட்டோம்.

அதைவிட விசித்திரம் அவருடைய முகம். கட்டின் மேல்புறத்தில் அவர் முரட்டு ஆள். கோணல் தாடை, கீறிக் கீறிப் போட்ட கோடுகள், கன்னத்தில் புள்ளி புள்ளியாகக் கறுப்பு. கட்டு பாதி குறைந்தபோது ஒருநாள் திடீரென்று வேறு முகத்தோடு வந்தார். பாதி முகம் வெளிச்சம், பாதி முகம் கரிய மை. நாங்கள் திகைத்துப்போனோம். கோட்டும் விளக்கும் இருந்ததால் ஏற்றுக்கொண்டோம். பிறகு அடிக்கட்டுக்கு வந்தபோது இன்னொரு முகம். அது என்னவென்று சொல்வது, அவ்வளவு அழகு. தண்ணீரில் கரைத்த நிறங்கள், அமைதியான கண்கள், கன்னத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஊரும் மாறிவிட்டது. கூர்கூராக நின்ற கட்டடங்கள் உருண்டையாகி, பனிக்குள் மிதந்தன. தங்கை அந்த முகத்தை விரலால் தடவிப் பார்த்து, "கோட்டுக்காரருக்குச் சரியாப் போச்சுங்க்கா" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலில் ஏதோ அடிபட்டிருந்தார், கொஞ்சம் கொஞ்சமாக ஆறிவிட்டார்.

மூன்று முகத்துக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. ஒவ்வொரு வாரமும் கடைசிப் படக் கட்டத்தில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நீளமான தெருவில் நடந்து போவார். அந்த முதுகு மட்டும் எப்போதும் ஒரே முதுகு.

சித்திரை வெயிலில், மகாராஷ்டிரப் பக்கம் ஒரு மேட்டில் லாரி கொதித்து நின்றது. அப்பா ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். ஆறட்டும் என்று விட்டிருக்க வேண்டும், லோடு அவசரம். கொதிநீரும் ஆவியும் முகத்தில் அடித்துவிட்டது. மாற்று டிரைவர் வந்து வாசலில் நின்று இதைச் சொன்னபோது அம்மா மஞ்சள் கையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணுக்கு ஒன்றுமில்லை, உயிருக்கு ஒன்றுமில்லை, அங்கேயே ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா அவரோடு கிளம்பிப் போனாள். எங்களை அத்தை வந்து பார்த்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அப்பாவைக் கூட்டி வந்தார்கள். இடது பக்கம் புருவம் இல்லை. கன்னத்துத் தோல் ரோஜா நிறத்தில் சுருங்கி இழுத்துக்கொண்டிருந்தது. மேலுதடு ஒரு ஓரம் மூடவில்லை. நான் பெரியவள் என்று பேர் வாங்கிவிட்டேனே, போய்ப் பையை வாங்கிக்கொண்டேன். தங்கை அழக்கூட இல்லை. ஒரு அடி பின்னால் வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள், கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். அப்பா தூக்குவதற்காக நீட்டிய கையை மெதுவாக இறக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கே அம்மா சுவரில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டாள். அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். தங்கை கதவிடுக்கில் நின்று அவரை ஒரு தரம் பார்ப்பாள், உதட்டைக் கடிப்பாள், போய்விடுவாள். தினமும் இதே வேலை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் வேப்ப மரத்தடிக்கு இழுத்துப் போய், "என்ன புள்ள அது, திருடியாட்டம் எட்டிப் பாக்கறது" என்று கேட்டேன்.

"மூஞ்சி ஆறிப்போச்சான்னு பாக்கறனுங்க்கா."

"எப்படி ஆறும்?"

"கோட்டுக்காரருக்கு ஆறுன மாதிரி. அடிக்கட்டு வந்தா அழகாயிருவாருல்ல. அப்ப போறேன்."

அவளுக்கு அப்பாமேல் பயம் மட்டுமில்லை, நம்பிக்கையும் இருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு புத்தகத்தை எடுத்துக் கவிழ்த்து வைப்பது போல எண்ணிக்கொண்டு காத்திருந்தாள்.

அந்த வாரம்தான் எங்கள் வகுப்பில் இங்கிலீஷ் மாதங்களைப் பாட்டாகப் பாட வைத்துக்கொண்டிருந்தார்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று வீட்டிலும் முனகிக்கொண்டே இருந்தேன். கட்டைத் துடைத்து வைக்கும்போது அட்டையின் தலைப்பக்கம் கண்ணில் பட்டது. டிசம்பர். நாலைந்து புத்தகம் தள்ளி நாங்கள் பார்த்தது நவம்பர். அதற்கடுத்து அக்டோபர். நான் அத்தனையையும் முற்றத்தில் பரப்பிவிட்டேன். மாதங்கள் பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தன. வாங்கியவர்கள் பழசின் மேல் புதுசை வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். நாங்கள் லாரி வீட்டுப் பிள்ளைகள், மேலிருந்து இறக்கிவிட்டோம். கதை முழுவதையும் தலைகீழாகப் படித்திருந்தோம்.

கோட்டுக்காரர் முதலில்தான் அழகாக இருந்திருக்கிறார். கீறல் முகம்தான் கடைசி.

அன்று மாலை அப்பா அம்மாவிடம் பேசியது என் காதில் விழுந்தது. "ஆடி நோம்பி முடியட்டும், நான் லைனுக்குப் போயிடறேன். பம்பாயிலயே ரூம் எடுத்துத் தங்கிக்கறேன், எப்பவாச்சும் வாரேன். புள்ளை சொந்த ஊட்டுல ஒளிஞ்சு ஒளிஞ்சு திரியுது."

"கொழந்தைங்க அது. பழகிக்கும். ஏனுங்க, கொஞ்ச நாள் பொறுங்க."

"எத்தனை நாளைக்குச் சுவத்தைப் பாத்துட்டுத் திங்கிறது" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

அன்றைக்கு முழுக்க எனக்கு அதே யோசனை. தலைகீழாகப் படித்ததைச் சொல்லாவிட்டால் தங்கை ஆறும் ஆறும் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள், அதற்குள் அவர் போய்விடுவார். சொன்னால் என்ன செய்வாளோ. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளை உட்கார வைத்து, மாதங்களைப் பாட்டாகப் பாடிக் காட்டி, ஒவ்வொரு புத்தகமாக எடுத்து வைத்தேன். அவள் கடைசிப் புத்தகத்தின் கீறல் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்ப ஆறாதுங்களா அக்கா?"

"இவருக்கு ஆறலை. அப்பாவுக்கும் அப்படியேதான் இருக்கும்னு அம்மா சொன்னாங்க."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் கட்டை அடியிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்தோம். மதிய வெயில் வேப்பிலை வழியாகப் புள்ளி புள்ளியாகப் படங்கள்மேல் விழுந்தது. பனி மிதக்கும் ஊர், அமைதியான கண்கள். இப்போது நகை முதலில் திருடு போனது, பிறகு தேடினார், பிறகு பிடித்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது, ஆனால் எனக்குப் பழைய கதைதான் பிடித்திருந்தது. முகம் மாறுகிற இடம் வந்ததும் தங்கை நிறுத்தினாள்.

"யாருங்க்கா மாத்துனது?"

இதை நானும் யோசித்ததில்லை. பக்கத்தை உற்றுப் பார்த்தபோது கடைசிக் கட்டத்தின் மூலையில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு கையெழுத்து இருந்தது. முந்தின புத்தகத்தில் அதே மூலையில் வேறு கையெழுத்து. கீறல் முகத்தின் கீழே மூன்றாவது ஒன்று. "ஒருத்தரு வரைஞ்சுட்டு இருந்திருக்காரு. அவரு போயி இன்னொருத்தரு வந்திருக்காரு. அப்புறம் இன்னொருத்தரு. நம்ம லாரிக்கு மாத்து டிரைவர் வாராருல்ல, அப்படி" என்றேன்.

"லாரி அதேதானே?"

"லாரி அதேதான்."

"கோட்டுக்காரருக்குத் தெரியுமுங்களா, அவரு மூஞ்சி மாறிப்போச்சுன்னு?"

"அவருக்கு எப்படித் தெரியும்? அவரு உள்ளார இருந்து வெளியதானே பாக்கறாரு. கதையில கண்ணாடியும் இல்லை."

தங்கை திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

மறுநாள் காலையில் அவள் அம்மாவிடம் போய், அப்பாவின் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறேன் என்றாள். அம்மா கையிலிருந்த கரண்டியோடு நின்றுவிட்டாள். "கேரியர்லதான் உக்காருவேன். முதுகு பாத்துட்டே வருவேன்" என்று தங்கை நிபந்தனை போட்டாள். எனக்கு முன்பார்க் கம்பி. அதில் உட்கார்ந்தால் தொடை மரத்துவிடும், யாருக்கும் என்னைக் கேட்கத் தோன்றவில்லை.

அப்பா துண்டைத் தலையோடு சுற்றி முகத்தை மறைத்துக்கொண்டு மிதித்தார். முதல் நாள் பின்னாலிருந்து சத்தமே இல்லை. இரண்டாவது நாள், "சட்டை கிழிஞ்சிருக்குங்கப்பா" என்று ஒரு குரல். பிறகு தினமும் பேச்சு. பள்ளிக்கூடத்தில் பல்லி விழுந்தது, பக்கத்துப் பிள்ளை பல்பம் தின்றது, எல்லாவற்றையும் அந்த முதுகிடம் சொல்லிக்கொண்டே வருவாள். அப்பா "ஆமாஞ்சாமி, அப்படியா சாமி" என்பார். நான் முன்னால் இருந்ததால் துண்டுக்குள் அவர் முகம் எனக்குக் கிட்டத்தில் தெரியும். அவள் பேசப் பேச, இழுத்துக்கொண்ட அந்த உதடு நடுங்கும். நான் ரோட்டைப் பார்த்துக்கொள்வேன். காலை மேகத்தில் போதமலை பாதி மறைந்திருக்கும், புளிய மரங்கள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போகும், சைக்கிள் தரைக்கு ஒரு சாண் மேலே போகிறது என்று எனக்குச் சில நாள் தோன்றும். ஆனால் பள்ளிக்கூட வாசலில் இறங்கியதும் அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடுவாள். ஆடி பிறந்துவிட்டது. அப்பா சேலத்துக்கு ஆள் விட்டு, ஆடிப் பண்டிகை முடிந்ததும் வண்டி ஏறுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மா அவருடைய பெட்டியைத் தூசி தட்டி எடுத்து வைத்தாள். அதையும் தங்கை பார்த்தாள்.

நோம்பிக்கு முந்தின நாள் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டது. அப்பா வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் முன்பாரில் ஏறப்போனேன். தங்கை கேரியர் பக்கம் போகவில்லை. சைக்கிளைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, புத்தகப் பைக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து அவரை நேராகப் பார்த்தாள். அப்பா துண்டை இழுக்கப் போனார்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். உங்களுக்குத் தெரியாது."

"சொல்லு சாமி."

"உங்களை வரையறவரு மாறிட்டாருங்கப்பா. நீங்க அதேதானுங்க. நான் முதுகு பாத்துட்டேன்."

அப்பாவுக்கு எதுவும் புரிந்திருக்காது. என்னைப் பார்த்தார். "பொம்மைப் புத்தகத்துல கோட்டுக்காரரை வரையறவரு மாறவும் மூஞ்சி மாறிருச்சுங்கப்பா" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. துண்டை விட்டுவிட்டுக் குனிந்தார்.

"புதுசா வந்தவரு எப்படி வரையறாரு சாமி?"

அவள் நன்றாக யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. லைனுக்குப் புது டிரைவர் யாராவது வந்து வண்டியை இடித்தால், அப்பா அவனைத் திட்டாமல் ஒரே வார்த்தைதான் சொல்வார். அதையே இவளும் சொன்னாள்.

"இன்னும் கை பழகலைங்கப்பா."

அப்பா சிரித்தார். அந்த முகத்தில் சிரிப்பு எப்படி வருமென்று நாங்கள் அதுவரைக்கும் பார்த்ததில்லை. ஒரு பக்கமாகத்தான் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் வந்தது. தங்கை என் கையைப் பிடித்து இழுத்து, "அக்கா, நீங்க பின்னால போங்க" என்றாள். அவளைத் தூக்கி முன்பாரில் உட்கார வைத்தார். நான் கேரியரில் ஏறிக்கொண்டேன். வழி முழுக்க அவள் அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்குக் கிழிந்த சட்டையும் முதுகும்தான் தெரிந்தன, அந்த முதுகில் முகத்தை வைத்து நான் அழுது தீர்த்தேன்.

அப்பா சைக்கிளை வேப்ப மரத்தில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். எடுத்து வைத்திருந்த பெட்டியைக் காலால் மெல்லக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

"அந்தக் கண்ணாடிய எங்க வெச்ச? எடுத்து மாட்டு" என்றார். "புது ஆளு எப்படி வரையறான்னு நானும் பாக்கோணும்."

அம்மா அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து, முந்தானையால் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினாள்.